‘லைஸ் இஸ் லைஸ்’: கதை படித்து ஆங்கிலம் கற்ற மூன்று வருடம்

‘அவர் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.’ இதை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது. சக ஊழியர் ஒருவர் சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்தைப் பற்றிய மின்னஞ்சல். ‘ஹி மஸ்ட் ஹேவ் டோல்ட் யூ’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். ‘அப்படியா, எந்தத் தேதியில் சொன்னார்?’ என்று பதில் வந்தது. நான் எழுதியதற்கு ‘அவர் சொல்லியிருப்பார், சந்தேகமே இல்லை’ என்று அர்த்தமாம். நான் சொல்ல வந்தது அதற்கு நேர் எதிர். ‘ஷுட் ஹேவ்’ போட்டிருக்க வேண்டிய இடம் அது. தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘இருக்க வேண்டும்’தானே, யார் கண்டது?

பள்ளியிலிருந்து இலக்கணம் படித்தவன் நான். பேச்சு ஆங்கில வகுப்பு ஒன்றிலும் சேர்ந்து பாதியில் நின்றவன். இனி விதி படிப்பதில்லை, கதை படிப்பது என்று முடிவுசெய்தது அந்த மின்னஞ்சலுக்குப் பிறகுதான். அதிலும் ஒரே வகைக் கதை: பெரிய ஆளாக வேண்டும் என்று கிளம்பும் சின்னப் பையன்கள், பெண்கள், வழியில் பொய் சொல்லலாமா, உண்மையைச் சொல்லலாமா என்று தடுமாறுகிறவர்கள். மூன்று வருடம் ஆகிறது. பலன் இருந்ததா என்றால், எழுத்தில் நிறைய, படிப்பதில் அதைவிட நிறைய, பேச்சில் கொஞ்சம்தான்.

ஏன் ஒரே வகை? திட்டமிட்டு அல்ல, முதல் இரண்டு கதைகள் அப்படி அமைந்துவிட்டன. ஒரே விஷயத்தைச் சுற்றியே தொடர்ந்து படித்தால் சொற்கள் திரும்பத் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும் என்று மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் நெடுநாளாகச் சொல்லிவருகிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. என் அனுபவத்தில் அது உண்மை. ‘கன்ஃபெஸ்’, ‘டினை’, ‘ஓன் அப்’ (செய்ததை ஒப்புக்கொள்வது), ‘கெட் அவே வித்’ (மாட்டாமல் தப்புவது), ‘கீப் ஒன்ஸ் வேர்ட்’ (சொன்ன சொல்லைக் காப்பது) இவை எதையும் நான் மனப்பாடம் செய்யவில்லை. ‘பொய் சொன்னான்’ என்பதை ‘செட் எ லை’ என்று எழுதிக்கொண்டிருந்தவன், ‘டோல்ட் எ லை’ என்று தானாக எழுத ஆரம்பித்தேன். ‘மேக் அப்’ என்றால் முகத்துக்குப் போடுவது, சண்டைக்குப் பின் சமாதானம் ஆவது, இல்லாததை இட்டுக்கட்டுவது என்று மூன்றும் உண்டு. மூன்றாவதை நான் கற்றது முழுக்க முழுக்கக் கதைப் பொய்யர்களிடம்தான்.

ஆரம்பத்தில் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலின் மூலப் பிரதியை நேராகக் கையில் எடுத்தேன். 1860–61இல் வாரப் பத்திரிகைத் தொடராக வந்தது. வாராவாரம் மக்கள் விரும்பிப் படித்ததுதானே, நமக்கென்ன என்ற தைரியம். முதல் அத்தியாயத்திலேயே தப்பியோடிய கைதி ஒருவன், பிப் என்ற சிறுவனைப் பிடித்து மிரட்டி, ஓர் அரமும் ‘விட்டில்ஸும்’ கொண்டுவரச் சொல்கிறான். அகராதியில் தேடுகிறேன், கிடைக்கவில்லை. உணவுப் பொருளைக் குறிக்கும் ஒரு பழைய சொல்லின் முதல் எழுத்தை அந்தக் கைதி தன் கொச்சையில் மாற்றி உச்சரிக்கிறான், டிக்கன்ஸ் அதை அப்படியே எழுத்தில் போட்டிருக்கிறார் என்று புரிய ஒரு மாலைப்பொழுது போனது. சரியான எழுத்தில் எழுதினால்கூட அந்தச் சொல்லில் உள்ள ‘சி’ உச்சரிப்பில் வராதாம். மூன்றாம் அத்தியாயத்தோடு மூடி வைத்தேன்.

அப்புறம்தான் மொழி கற்பவர்களுக்காக எளிமையாகச் சுருக்கிய பிரதிகள் பக்கம் வந்தேன். ஆக்ஸ்ஃபர்டு புக்வோர்ம்ஸ் வரிசையில் முதல் நிலை 400 தலைச்சொற்களுக்குள் (அகராதியில் தனிப் பதிவாக வரும் சொற்கள்) எழுதப்பட்டது; படிப்படியாக ஏறி ஆறாம் நிலை 2500. மூல நாவல்களோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை. சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் போட்ட கணக்குப்படி, ஒரு நாவலில் நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருக்க 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) வேண்டும். ஐம்பது சொல்லுக்கு ஒன்று மட்டும் தெரியாமல் இருப்பதுதான் அந்த 98. நான் மூலத்தைத் திறந்தபோது ஒவ்வொரு வரியிலும் இரண்டு தெரியவில்லை. அதற்குப் பெயர் படிப்பது அல்ல, அகழ்வாராய்ச்சி.

சுருக்கிய பிரதிகளில் ஒன்பது மாதம் இருந்தேன். குறை என்னவென்றால், கதை இருக்கும், ஆள் இருக்க மாட்டார். எல்லோரும் ஒரே மாதிரி சுத்தமாகப் பேசுவார்கள். ஆனால் வேகம் வந்தது. அகராதி இல்லாமல் ஒரு புத்தகத்தை முடித்தேன் என்பதே அந்தக் கட்டத்தில் எனக்குப் பெரிய விஷயம்.

பிறகு ஹொரேஷியோ ஆல்ஜரின் ‘ராக்டு டிக்’. 1868இல் புத்தகமாக வந்தது, நியூயார்க் தெருவில் ஷூ துடைக்கும் பையனின் கதை. மூலப் பிரதியையே படிக்கலாம், வாக்கியங்கள் எளிமையானவை. பத்து சென்ட் வேலைக்கு ஒருவர் இருபத்தைந்து சென்ட் நாணயம் தருகிறார், டிக்கிடம் சில்லறை இல்லை, மீதியை என் அலுவலகத்தில் கொண்டுவந்து கொடு என்று சொல்லிவிட்டுப் போகிறார். பையன் நிஜமாகவே கொண்டுபோய்க் கொடுக்கிறான். கதை என்று பார்த்தால் எனக்குப் பெரிய மதிப்பு இல்லை. நேர்மையாக இருந்தால் முன்னேறலாம் என்று புத்தகம் முழுக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் அவனுக்கு நல்ல வேலை கிடைப்பது தண்ணீரில் விழுந்த குழந்தையைக் காப்பாற்றியதால், அந்தக் குழந்தையின் அப்பா வசதியானவர் என்பதால். நேர்மைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஆனால் மொழி கற்கிறவனுக்கு நல்ல புத்தகம். டிக்கின் பேச்சில் ‘இஸ் நாட்’ என்பதற்குக் கொச்சையான ‘எய்ன்ட்’ நிறைய. ஃபாஸ்டிக் என்ற நண்பன் அவனுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தருகிறான். கதாநாயகனே மொழி கற்கிறான் என்பதில் எனக்கொரு ஆறுதல்.

‘அம்பிஷன்’ என்ற சொல்லோடு ஒரு சண்டையும் போட்டேன். தமிழில் நமக்கு இலட்சியம் வேறு, பேராசை வேறு. ஒன்றைப் பாராட்டுவோம், மற்றதைத் திட்டுவோம். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லுக்குள். லத்தீனில் அது ஓட்டுக் கேட்டுச் சுற்றிவருவதைக் குறித்த சொல்லாம், அதனால் ஆச்சரியமில்லை. எந்த வாக்கியத்தில் பாராட்டு, எந்த வாக்கியத்தில் திட்டு என்று அகராதி சொல்லாது. பத்துக் கதைக்குப் பிறகு காது சொல்கிறது.

இரண்டாம் வருடம் மறுபடி டிக்கன்ஸ். இந்த முறை லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் வாசித்த ஒலிப்பதிவைக் கேட்டபடியே, ப்ராஜெக்ட் குட்டன்பர்க்கில் கிடைக்கும் இலவசப் பிரதியைப் படித்தேன். காதால் கேட்டபோது பாதிக் கொச்சை தானாக விளங்கியது.

என் மின்னஞ்சல் வியாதிக்கு மருந்து கிடைத்தது இந்த நாவலில்தான். வீட்டிலிருந்து உணவைத் திருடிக் கைதிக்குக் கொடுத்த பிப், அதைத் தன் அக்காவின் கணவர் ஜோவிடம் சொல்லாமல் மறைக்கிறான். பெரியவனான பிறகு அதை நினைத்துப் பார்த்து ஒரு வாக்கியம் எழுதுகிறான்: சரி என்று தெரிந்ததைச் செய்ய எனக்குத் துணிச்சல் வரவில்லை, தவறு என்று தெரிந்ததைச் செய்யாமல் இருக்கவும் அதற்கு முன் துணிச்சல் வந்திருக்கவில்லை. முதலில் சொன்ன கோழைத்தனத்துக்கு ‘வாஸ்’, அதற்கும் முந்தைய கோழைத்தனத்துக்கு ‘ஹேட் பீன்’. வகுப்பில் காலக்கோடு போட்டு அம்புக்குறி வரைந்து காட்டினார்கள், ஏறவில்லை. இங்கே ஏறியது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் இரண்டு காலத்தில் நின்று பேசியாக வேண்டும்: இப்போது சொல்கிறேன், முன்பு செய்திருந்தேன். வருந்துகிறவனுக்கு ‘ஷுட் ஹேவ்’ இல்லாமல் வருந்தவே முடியாது. சந்தேகப்படுகிறவனுக்கு ‘மஸ்ட் ஹேவ்’ வேண்டும். கனவு காண்கிறவனுக்கு ‘வுட்’. நான் தடுக்கி விழுந்த இடங்கள் எல்லாமே இந்தக் கதைகளில் ஒருவர் வியர்த்துக்கொண்டு நிற்கும் இடங்களாக இருந்தன. ‘அவன் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்’ என்றால், சொன்னானா இல்லையா? ‘மஸ்ட்’ போட்டால் சொல்லியிருக்கிறான். ‘ஷுட்’ போட்டால் சொல்லவில்லை. இனி எனக்கு மறக்காது.

இன்னொரு காட்சி. பணக்காரியான மிஸ் ஹாவிஷம் வீட்டுக்குப் போய்வந்த பிப்பைச் சுற்றி நின்று, அங்கே என்ன பார்த்தாய் என்று குடைகிறார்கள். கறுப்பு வெல்வெட் கோச்சு வண்டி, நான்கு பெரிய நாய்கள், வெள்ளிக் கூடையில் இறைச்சி என்று அவன் அளந்துவிடுகிறான். பிறகு ஜோவிடம் தனியாக உண்மையை ஒப்புக்கொள்கிறான். ஜோ கொல்லர், படிப்பில்லாதவர். ‘லைஸ் இஸ் லைஸ்’, பொய் என்றால் பொய்தான், என்கிறார். ‘ஆர்’ வர வேண்டிய இடத்தில் ‘இஸ்’. நேர்வழியில் பெரிய ஆளாக முடியாவிட்டால் கோணல் வழியில் ஒருநாளும் ஆக முடியாது என்பதையும் அதே உடைந்த ஆங்கிலத்தில்தான் சொல்கிறார். இலக்கணப் பிழைக்குப் பயந்து கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டிருந்த எனக்கு, நாவலிலேயே நேரான மனிதர் இப்படிப் பேசுகிறார் என்பது என்னவோ செய்தது.

நேர்ப் பேச்சை அயற்பேச்சாக மாற்றும் தலைவலிக்கு ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ உதவியது. 1908இல் வந்தது. ஆன் என்ற சிறுமியை வளர்க்கும் மரில்லாவின் மார்பணி ஒன்றைக் காணவில்லை. எடுத்ததை ஒப்புக்கொள்ளும் வரை அறையைவிட்டு வரக்கூடாது என்று ஆனுக்குத் தண்டனை. அவள் எடுத்துப் பார்த்தது உண்மை, தொலைக்கவில்லை. ஆனால் சுற்றுலாவுக்குப் போயாக வேண்டுமே! ஏரியில் விழுந்துவிட்டது என்று ஒரு வாக்குமூலத்தை ரசித்து ரசித்து இட்டுக்கட்டுகிறாள். உண்மையைச் சொன்னால் நம்பாதவர்கள் பொய்யை நம்புகிறார்கள். ‘நான் எடுக்கவில்லை என்று சொன்னாள்’ என்று தமிழில் அப்படியே விட்டுவிடலாம். ஆங்கிலத்தில் ‘நான்’ ‘அவள்’ ஆகி, காலமும் ஒரு படி பின்னால் போகும். யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று இந்த அத்தியாயத்தை என் சொற்களில் எழுதிப் பார்த்தேன், நான்கு முறை.

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி வாஷிங்டன், சிறுவனாக இருந்தபோது செர்ரி மரத்தை வெட்டிவிட்டு ‘என்னால் பொய் சொல்ல முடியாது’ என்று அப்பாவிடம் ஒப்புக்கொண்ட கதையும் என் பட்டியலில் இருந்தது. பிறகு பார்த்தால், வாஷிங்டன் இறந்து சில வருடம் கழித்து, 1806இல் வந்த பதிப்பில் வீம்ஸ் என்ற வாழ்க்கை வரலாற்றாசிரியர் சேர்த்த கதை அது. ஆதாரம் எதுவும் கிடையாது என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். உண்மை பேசுவதற்கு ஊரெல்லாம் காட்டும் உதாரணமே ‘மேக் அப்’!

எனக்கு அதிகம் பயன்பட்டது கதை அல்ல, தன்வரலாறு. அமெரிக்காவை நிறுவிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பதினேழு வயதில், 1723இல், பாஸ்டனைவிட்டு ஓடி ஃபிலடெல்ஃபியா போனவர். இளமையில் செய்த தவறுகளை அவர் ‘எரேட்டா’ என்கிறார். அச்சுத் தொழிலாளி அல்லவா, வாழ்க்கைக்கும் பிழைதிருத்தப் பட்டியல் போடுகிறார். ஒருவருக்காக வசூலித்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் கையாண்டதும் அந்தப் பட்டியலில் உண்டு.

எழுதக் கற்ற விதத்தையும் அவர் சொல்லியிருக்கிறார். பிடித்த கட்டுரையில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சின்னக் குறிப்பு எழுதிக்கொள்வார். சில நாள் அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிடுவார். பிறகு புத்தகத்தைப் பார்க்காமல் குறிப்பை வைத்து முழுதாக எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். குறிப்புகளைக் கலைத்துப் போட்டு மறுபடி வரிசைப்படுத்தியும் பார்ப்பாராம்.

நான் இதைப் பிப்பின் பக்கங்களில் செய்தேன். வாரத்துக்கு ஒரு பக்கம், அதற்கு மேல் முடியாது. முதல் முறை ஒப்பிட்டபோது அவமானமாக இருந்தது. சொல்வளம்தான் என் பிரச்சினை என்று நினைத்திருந்தேன், பார்த்தால் சிவப்பு மையில் பாதிக்கு மேல் ‘எ’, ‘த’ மட்டுமே. நம் மொழியில் இல்லாத சாமான். முதல் தடவை வரும் மனிதன் ‘எ மேன்’, தெரிந்த பிறகு ‘த மேன்’ என்ற விதி எனக்குத் தெரியும். கை கேட்கவில்லை. ஏழெட்டு மாதத்தில் கேட்க ஆரம்பித்தது. குறிப்பைத் தமிழில் எழுதினால் மொழிபெயர்ப்பு வாடை வருகிறது, ஆங்கிலத்தில் எழுதினால் மூலம் நினைவுக்கு வந்துவிடுகிறது. இப்போது படம் போட்டுவைக்கிறேன். என் படத்தை நானே பிறகு புரிந்துகொள்வது தனிக் கஷ்டம்.

சரி, வராதது என்ன? பேச்சு. கதையில் ஜோ பதில் சொல்ல அரைப் பக்கம் எடுத்துக்கொள்ளலாம், தொலைபேசியில் எதிரில் இருப்பவர் காத்திருக்க மாட்டார். அதற்குத் தனியாக ஆள் வைத்துப் பேசித்தான் பழக வேண்டும். இன்னொன்று, பழைய நடை ஒட்டிக்கொள்ளும். ‘ஐ ஷல் பி மச் ஆப்ளைஜ்டு’ (மிகவும் கடமைப்பட்டிருப்பேன்) என்று ஒரு கடிதத்தில் எழுதி, மேலாளர் சிரித்தார். ஐந்தாறு பழைய புத்தகத்துக்கு இடையில் இந்தக் காலத்து எழுத்து ஒன்றாவது படிக்காவிட்டால் நூற்றைம்பது வருடம் முன்பு செத்தவர் மாதிரி பேசுவோம். தேர்வு நெருங்கி மூன்று மாதத்தில் மதிப்பெண் வேண்டும் என்பவருக்கும் இந்த வழி ஆகாது.

இப்போது ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ மூன்றாவது தடவை ஓடிக்கொண்டிருக்கிறது. தலைப்பில் இருப்பது வெறும் எதிர்பார்ப்பு இல்லை, அந்தக் காலத்தில் வரப்போகும் சொத்தையும் அந்தச் சொல் குறிக்கும் என்பதே இந்தச் சுற்றில்தான் உறைத்தது. லண்டனுக்குப் பெரிய மனிதனாகப் போன பிப்பைப் பார்க்க ஜோ வரும் அத்தியாயத்தில் நிற்கிறேன். பழகிய பையனை ‘சார்’ என்று அழைத்துக்கொண்டு, தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜோ திண்டாடுகிறார். இந்த வாரத்துக்கான பக்கம் அதுதான். படம் போட்டாயிற்று, எழுதுவது ஞாயிற்றுக்கிழமை.