ஒகேனக்கல் பரிசல் லைனும் மீன் சமைச்ச அக்காவும்

இந்த லீவுக்கு ஊருக்கு வந்தப்போ ஒகேனக்கல் போயிட்டு வந்தோம், அன்னைக்கு ராத்திரியே எழுதணும்னு உக்காந்தேன், அப்புறம் கோவம் கொஞ்சம் அடங்கட்டும்னு ரெண்டு வாரம் விட்டுட்டேன். இன்னும் முழுசா அடங்கல.

எனக்கு பென்னாகரம் பக்கம். ஒகேனக்கல் போறதுன்னா எங்க வீட்டுல ஒரு முறை இருக்கு, எங்க பக்கத்துக்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். போன உடனே மீன வாங்கி சமைக்கற அக்காகிட்ட குடுத்துரணும், எண்ணெய் தேய்ச்சு அருவில குளிக்கணும், பரிசல்ல ஒரு சுத்து போகணும், திரும்பி வந்தா கொலப்பசில எலைல என்ன வெச்சாலும் காலி ஆகும். இந்த வரிசை மாறக் கூடாதுன்னு அப்பா இருந்தவரைக்கும் ரொம்ப கண்டிப்பா இருப்பாரு. இப்ப போய்ப் பாத்தா எடமே மாறிக் கெடக்கு, நடக்கறதுக்கு நல்ல பாதை, அங்கங்க உக்கார எடம், முன்ன மாதிரி சகதி இல்ல. அத எல்லாம் நான் கொற சொல்ல வரல.

நான் சொல்ல வர்றது அந்த பரிசல் லைன். காலைல பத்தேகாலுக்கு நின்னோம், நான், என் வீட்டுக்காரி, ஒம்பது வயசுப் பொண்ணு, 68 வயசுல முட்டி வலியோட எங்கம்மா. கவுன்ட்டர்ல ஆள் இல்ல. வருவாங்கன்னு ஒருத்தர் சொன்னாரு, சாப்பிடப் போயிருக்காங்கன்னு இன்னொருத்தர், பின்னாடி நின்ன ஒரு அண்ணன் எதோ பெரிய ஆபிசர் வர்றாராம்னு சொன்னாரு. ஒரு போர்டு இல்ல, மைக்ல ஒரு வார்த்தை இல்ல. லைன்ல இருந்து வெளிய போனா எடம் போயிடும்னு யாரும் நகரல, கைக்குழந்தைய தூக்கிட்டு ஒரு பொண்ணு கால மாத்தி மாத்தி நின்னுட்டு இருந்துச்சு. ரெண்டு மணி நேரம் நாப்பது நிமிஷம். அம்மா ஒரு வார்த்தை சொல்லல, என் தோள புடிச்சுட்டு நின்னாங்க, புடி எறுகிட்டே போச்சு, அதுலதான் எனக்கு வலி எவ்ளோன்னு தெரிஞ்சுது.

கடைசில வந்து சொன்னது யாரு தெரியுமா, நாங்க மீன் குடுத்த அக்கா. எங்கள காணோம்னு அடுப்ப பக்கத்துல இருந்தவங்கள பாக்கச் சொல்லிட்டு தேடிட்டே வந்திருக்காங்க. "தம்பி, தண்ணி கலரப் பாத்தியா? காலைல பச்சையா இருந்துச்சு, இப்ப டீத்தண்ணி மாதிரி வருது பாரு. மேல தொறந்து விட்டுட்டாங்க. இன்னைக்கு பரிசல் ஓடாது. அம்மாவ எதுக்கு நிக்க வெச்சிருக்க, கூட்டிட்டு வா." நான் அப்பதான் ஆத்தப் பாத்தேன். அவங்க சொன்னது சரி.

இதுலதான் எனக்கு ஆத்தாமையே. தண்ணி ஜாஸ்தின்னா பரிசல் விடக் கூடாது, அதுல மாற்றுக் கருத்தே இல்ல, லைஃப் ஜாக்கெட் போட்டாலும் அந்த பாறை இடுக்குல வெள்ளம் வந்தா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா தண்ணி எவ்ளோ வருதுன்னு யாருக்கும் தெரியாம இல்லயே. மேல கர்நாடகால கேஆர்எஸ், கபினி அணைங்கள்ல எவ்ளோ தொறக்கறாங்கன்னு தெரியும், ஆறு தமிழ்நாட்டுக்குள்ள வர்ற எல்லைல இருக்கற பிலிகுண்டுலுல கன அடி கணக்கு எடுக்கறாங்க, அது தினம் பேப்பர்ல வருது. எங்கப்பா காலைல பேப்பர விரிச்சா மொதல்ல பாக்கறதே மேட்டூர் நீர்மட்டம்தான், 120 அடில இன்னைக்கு எவ்ளோன்னு. அந்தக் கணக்க ஒரு கரும்பலகைல சாக்பீஸால எழுதி, இன்னைக்கு பரிசல் இல்லன்னு கீழ ஒரு வரி போட்டா போதும், எங்கம்மா நின்னிருக்க வேணாம்.

நான் இருக்கறது சுவிஸ்ல விண்டர்தூர். அங்க ரயில் ஏறினா அரை மணி நேரத்துல ரைன் அருவி, 23 மீட்டர் உயரம், 150 மீட்டர் அகலம், அங்கயும் போட்ல ஏத்தி நடுப் பாறைக்கு கூட்டிட்டுப் போவாங்க. கோடைல நொடிக்கு சராசரி 600 கன மீட்டர் தண்ணின்னு சொல்றாங்க, நம்ம கணக்குல போட்டா சுமார் 21 ஆயிரம் கன அடி. நம்ம காவேரில வெள்ளம் வந்தா லட்சத்த தாண்டும், அத நெனச்சா எனக்கு ஒரு பெருமை. ஆனா அங்க நான் ஒரு நாளும் காரணம் தெரியாம நின்னது கெடயாது, அடுத்த போட் எப்போ, எவ்ளோ காசுன்னு எழுதி இருக்கும், பாத்துட்டு உக்காந்துக்கலாம்.

ஆனா அங்க இந்த அக்கா இல்ல. ஒன்றரை கிலோ கட்லா குடுத்திருந்தோம், கொழம்பு வெச்சு எறக்கிட்டாங்க, பொரிக்க வேண்டியத மசாலா தடவி அப்டியே வெச்சிருக்காங்க, ஆறிட்டா நல்லா இருக்காதுன்னு. எங்கள பாத்ததுக்கு அப்புறம்தான் எண்ணெய் காஞ்சுது. ஒரு துண்டு கொறயல, தல அம்மாவுக்குன்னு கொழம்புல தனியா கெடந்துச்சு, நாங்க சொல்லவே இல்ல. அங்க சூப்பர் மார்க்கெட்ல நான் வாங்கறது தலயும் முள்ளும் இல்லாத வெள்ளத் துண்டு, என் பொண்ணுக்கு மீன்னா அதுதான். அன்னைக்கு அம்மா முள்ளு எடுத்து ஊட்ட ஊட்ட அவ மூணு துண்டு சாப்பிட்டா. மேல நூறு ரூபா குடுத்தேன், சமைச்ச கூலி போதும்னு வாங்கல, போன் நம்பர் மட்டும் குடுத்தாங்க.

மூணாம் நாள் காலைல ஏழு மணிக்கு போன். "தண்ணி எறங்கிடுச்சு தம்பி, வர்றதுன்னா இப்பவே வாங்க." ஒம்பதுக்கெல்லாம் பரிசல்ல இருந்தோம். பாறைக்கு நடுவுல பரிசல்காரர் ஒரு சுத்து சுத்தி விட்டாரு, பொண்ணு கத்தின கத்து கர்நாடகா கரை வரைக்கும் கேட்டிருக்கும். எறங்கி நேரா அக்கா அடுப்புக்குத்தான் போனோம், இந்த வாட்டி கட்லா வேணாம், கெளுத்தி வாங்கலாம்னு அம்மா சொன்னாங்க.