கரி அடுப்பா, கேஸ் அடுப்பா?

ஸ்பெயினின் கடலோரப் பகுதியான கோஸ்டா பிளாங்காவில் குடியேறும் வெளிநாட்டினர் பலருக்கும் மொட்டைமாடியில் எந்தச் சுட்டடுப்பை (பார்பிக்யூ) வைப்பது என்ற குழப்பம் வருகிறது.

செலவு: கரி அடுப்பு மலிவு, ஆனால் ஒவ்வொரு விருந்துக்கும் கரி வாங்க வேண்டும். கேஸ் அடுப்பின் விலை அதிகம், 12.5 கிலோ ஆரஞ்சு நிற பியூட்டேன் சிலிண்டர் பல விருந்துக்கு வரும்.

நேரம்: கரி சாம்பல் பூத்துச் சுடத் தயாராக அரை மணி. கேஸுக்குப் பத்து நிமிடம்.

உழைப்பு: கடற்காற்று இரண்டையும் அரிக்கும். கேஸ் அடுப்பில் பர்னர் துளை அடைக்கும். கரி அடுப்பில் ஈரச் சாம்பலை அள்ளாமல் விட்டால் அடித்தகடே ஓட்டையாகிவிடும்.

ருசி: மத்தி மீனின் கொழுப்பு கனலில் சொட்டி எழும் புகை கேஸில் வராது.

தனி வீட்டு ஞாயிறு விருந்துக்குக் கரி. அடுக்ககத்துக்கு கேஸ், அதுவும் குடியிருப்பு விதி அனுமதித்தால். அருகில் போட தேக்கு நாற்காலி. அலுமினிய நாற்காலி துருப்பிடிக்காதுதான், ஆனால் நண்பகல் வெயிலில் அதில் உட்கார்ந்து பாருங்கள்!