அரிசிப் பையோடு நடைப்பயிற்சி: உகந்தைக் காட்டுப்பாதைக்கும் மலைக்கும் எவ்வளவு தாங்கும்?

உகந்தை வழியாகக் காட்டுப்பாதையால் கதிர்காமம் முருகன் கோயிலுக்கு நடக்கவோ மலைநாட்டில் பை சுமந்து ஏறவோ ஆயத்தமாகும் மட்டக்களப்பு, அம்பாறை ஆட்களுக்கு ஜிம் கட்டாயமில்லை. ஒரு முதுகுப்பை, 5 கிலோ அரிசிப் பைக்கற்றுகள் இரண்டு, சில தண்ணீர்ப் போத்தல்கள், ஒரு சீமெந்துப் படி இருந்தால் சரி. 12 கிழமைத் திட்டமாக வருசா வருசம் இதைச் செய்துபார்த்ததில், நடைக்கும் தோளுக்கும் இதைவிட மலிவான பயிற்சி இல்லை. ஆனால் சமதரையில் எவ்வளவு நடந்தாலும் இறக்கத்துக்கு முழங்கால் பழகாது. அதற்குத் தனி வேலை வேண்டும்.

பை கட்டுவதிலேயே பாதிப் பேர் பிழை விடுகிறார்கள். அரிசியை அப்படியே போட்டால் அடியில் போய்க் குந்திவிடும். பை பின்னால் இழுக்கும், ஆள் முன்னால் வளைவார், பிறகு நாரிப் பிடிப்புத்தான். அடியில் தலையணையோ உடுப்போ வையுங்கள். அரிசியைச் சாரத்தில் சுற்றி, தோள்பட்டை எலும்பின் உயரத்தில், முதுகோடு ஒட்டி வரச் செய்யுங்கள். இடுப்புப் பட்டி வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் இருக்க வேண்டும். முதலில் அதை இறுக்கிவிட்டுத்தான் தோள்பட்டியை இழுக்க வேண்டும். விரல் விறைத்தால் சுமை முழுக்கத் தோளில் நிற்கிறது என்று அர்த்தம்.

உடல் எடையில் பத்தில் ஒன்றோடு தொடங்குங்கள். 60 கிலோ ஆளுக்கு 6 கிலோ. கிழமைக்கு 1 கிலோ கூட்டி 12 வரை போகலாம். 1 லீற்றர் தண்ணீர் 1 கிலோ என்பதால் போத்தலாலேயே கூட்டிக் குறைக்கலாம். ஒவ்வொரு நான்காவது கிழமையும் எடையைக் குறைத்து ஆறவிடுங்கள். எடையையும் தூரத்தையும் ஒரே கிழமையில் கூட்டுகிறவர்களுக்குத்தான் பாதமும் முழங்காலும் நோகும்.

தொடக்கத்துக்குக் கிரவல் வீதியும் உன்னிச்சை, நவகிரி போன்ற குளக்கட்டுகளும் போதும். கடற்கரை மணல் கடும் மருந்து. இளகிய மணலில் நடக்க, இறுகிய தரையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். குதிகால் புதைவதால் கெண்டைக்கால் சதைதான் அடி வாங்கும். அதனால் கடைசி ஆறு கிழமையில் மட்டும், கிழமைக்கு ஒருநாள், அரை மணித்தியாலத்தில் தொடங்குங்கள். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் அடியில் குதிகால் குத்தினால் மணலை நிறுத்திவிட வேண்டும். கல்லடியோ திருக்கோவிலோ, கரை கடல் பக்கம் சரிந்துதான் கிடக்கும். போன கரையாலேயே திரும்பி வந்தால் அந்தச் சரிவு இரண்டு காலுக்கும் பங்குபடும். ஈர மணலில் நடப்பது சுகம். ஆனால் பயிற்சிக் கணக்கில் சேராது.

இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டும். சமதரை அதைப் பெரிதாகக் கேட்பதில்லை. அதனால்தான் 2243 மீற்றர் உயரச் சிவனொளிபாதமலையில் நன்றாக ஏறியவர்கள்கூட இறக்கத்தில் கால் நடுங்கி நிற்கிறார்கள். 18–20 சென்ரிமீற்றர் உயரப் படியில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் குதிகாலை மூன்று எண்ணும் வரை மெல்ல இறக்கி நிலத்தைத் தொட்டு எழும்புங்கள். ஒரு காலுக்கு எட்டுத் தரம், மூன்று சுற்று, கிழமைக்கு இரண்டு நாள். முழங்கால் உள்ளே சரியக்கூடாது. முதல்முறை செய்தால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை நோகும். அடுத்த முறை அந்த நோவு பாதிகூட வராது, அந்தப் பழக்கம் கிழமைக்கணக்கில் நிற்கும். பையோடு செய்வது மூன்று கிழமைக்குப் பிறகு.

காட்டுப்பாதையில் ஆட்கள் உடைவது முதல்நாள் அல்ல. குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று நான்கைந்து நாள் தொடர்ந்து நடக்கையில், மூன்றாம் நாள்தான் உண்மை தெரியும். ஆகவே சனி 14 கிலோமீற்றர், ஞாயிறு 10 என்று அடுத்தடுத்த நாள் நடப்பது, ஒரே நாளில் 24 நடப்பதைவிடப் பலன் தரும். ஓட்டம் மூச்சுக்கு நல்லது, சைக்கிள் தொடைக்கு நல்லது. இரண்டும் பாதத்தோலைப் பழக்காது. நேர்த்திக்காக வெறுங்காலில் போகிறவர்கள் பத்து நிமிடத்திலிருந்து மெல்லக் கூட்டவேண்டும்.

வெள்ளென ஐந்து மணிக்கே நடந்து முடிப்பவர்களைக் கச்சான் என்கிற வெக்கையான வறண்ட காற்று ஏமாற்றிவிடும். வெக்கைக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் எடுக்கும். கடைசி இரண்டு கிழமையும் பின்னேரம் நாலு மணி வெயிலில், முதலில் பையில்லாமல் நடவுங்கள். ஜீவனி என்கிற, கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள் ஒரு பைக்கற்றுக்கு 1 லீற்றர் தண்ணீர்தான்; தடிப்பாகக் கரைத்தால் பலன் கூடாது. வெறும் தண்ணீரையே லீற்றர் கணக்கில் குடித்துத் தலையிடி, வாந்தி வந்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்திருக்கலாம். மேலும் குடித்தால் அது மோசமாகும்.

நீண்டநாள் பாவனையில் பைக்குத்தான் சேதம். தோள்பட்டியின் கீழ்த்தையல் முதலில் விடும். பயணத்துக்கு முன் தடித்த நூலால் தைத்துவிடுங்கள். வியர்வை ஊறிய அரிசியில் வண்டு வரும், அதைக் கோழிக்குப் போடலாம்.

புறப்பட 10 நாள் இருக்கும்போது படிப்பயிற்சியையும், 7 நாள் இருக்கும்போது சுமையையும் நிறுத்துங்கள். கால்நகத்தை நாலு நாளுக்கு முன்பே நேராக வெட்டிவிடுங்கள்; புறப்படுகிற அன்று வெட்டினால் கூர்விளிம்பு பக்கத்து விரலைக் கிழிக்கும்.