எந்த நிரலகம் இல்லை? எல்டிடி, ஓ-டூல், டம்ப்பின்: ஓர் ஒப்பீடு

சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் கணினிக் கடைக்கு, பக்கத்துத் தோட்டத்துச் செம்பனை ஆலையின் எடைமேடைக் கணினி சென்ற மாதம் வந்தது. லினக்ஸைப் புதுப்பித்த பிறகு எடை நிரல் திறக்கவில்லை. லாரிகள் வரிசையில் நிற்பதாகக் கிராணியார் அரைமணிக்கொரு முறை அழைத்தார். ஒரு நிரலுக்கு வேண்டிய நிரலகங்களை, அதாவது பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் கோப்புகளை, பட்டியலிடும் எல்டிடி கட்டளையை இட்டதும், பல வரிகளுக்கு நடுவே 'லிப்சீரியல்போர்ட்.எஸ்ஓ.0 => நாட் ஃபவுண்ட்' என்ற வரி கண்ணில் பட்டது. அந்த நிரலகத்தை நிறுவியதும் எடை வந்தது.

நேரடியாகத் தேவைப்படும் நிரலகங்களையும், அவற்றுக்குத் தேவைப்படுபவற்றையும், அவை இந்தக் கணினியில் எங்கே கிடைக்கின்றன என்பதோடு சேர்த்துக் காட்டுவதே எல்டிடியின் பலம். ஆனால் இதற்காக அது, நிரலகங்களைத் தேடி நினைவகத்தில் ஏற்றும் 'ஏற்றி' என்ற நிரலையே இயக்குகிறது. சில சூழல்களில் நிரலே ஓடிவிடக்கூடும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. ஆகவே, யாரோ பென்டிரைவில் கொண்டுவரும் நிரலுக்கு நான் 'ரீட்எல்ஃப் -டி' கட்டளையையே இடுவேன். அது கோப்பை வாசிப்பதோடு நின்றுவிடும். நேரடித் தேவைகளின் பெயர்கள் மட்டும் கிடைக்கும், பாதை கிடைக்காது.

மேக்கில் 'ஓ-டூல் -எல்' இதே போல நேரடித் தேவைகளை மட்டும், பாதையோடும் பதிப்பு எண்ணோடும் தருகிறது. 2020இல் வந்த பிக் சர் என்ற மேக் இயங்குதளப் பதிப்பு முதல் கணினியின் சொந்த நிரலகங்கள் தனிக் கோப்புகளாக வட்டில் இருப்பதில்லை என்பதால், அது காட்டும் பாதையில் கோப்பைக் காணோமே என்று பதறத் தேவையில்லை.

விண்டோஸில்தான் குழப்பம் அதிகம். மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தொகுப்பான விஷுவல் ஸ்டுடியோவோடு வரும் டம்ப்பின், '/டிபெண்டன்ட்ஸ்' என்று இட்டால் பெயர்களை மட்டும் பட்டியலிடும். பலரும் இன்னும் தேடிப்போகும் பழைய டிபெண்டன்சி வாக்கர், விண்டோஸ் 7இல் அறிமுகமான 'ஏபிஐ-எம்எஸ்-வின்' என்று தொடங்கும் மெய்நிகர்ப் பெயர்களை அறியாததால், நலமாக ஓடும் நிரலிலும் பல டிஎல்எல்கள் (விண்டோஸ் நிரலகங்கள்) இல்லை என்று காட்டும். அந்தப் பெயர்களைப் புரிந்துகொள்ளும் 'டிபெண்டன்சீஸ்' என்ற திறந்தமூலக் கருவியே என் தேர்வு.

நிரல் ஓடும்போது டிஎல்ஓப்பன் என்ற செயற்கூறு வழியாக அழைத்துக்கொள்ளும் செருகுநிரல்களை எல்டிடி, ரீட்எல்ஃப் இரண்டுமே காட்டா. மறுநாள் அதே எடை நிரல் ரசீது அச்சிட மறுத்தபோது எல்டிடியில் எல்லாம் சரியாகவே இருந்தது; 'எல்டி_டீபக்=லிப்ஸ்' என்று முன்னால் சேர்த்து ஓட்டிய பிறகுதான், அச்சுச் செருகுநிரலுக்கு வேண்டிய ஒரு நிரலகத்தை அந்த 'ஏற்றி' எந்தெந்த அடைவுகளில் தேடிக் கைவிட்டது என்பது வரி வரியாகத் தெரிந்தது.