கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம்

இந்த முறை ஊருக்குப் போனது கல்யாணத்துக்கு அல்ல. சித்தப்பாவுக்குத் திருச்சியில் பெருங்குடல் ஆபரேஷன். சிங்கப்பூரில் இருந்து வந்து இறங்கிய அன்றே அட்டெண்டராக உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். குறையும் சொல்லப் போகிறேன்.

முந்தின நாள் முழுக்கக் குடல் சுத்தம். பவுடரை இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கி, கால் மணிக்கொரு டம்ளர். "உப்புத் தண்ணியில எலுமிச்சம்பழத்தைக் காட்டிட்டு எடுத்த மாதிரி இருக்குடா" என்றார் சித்தப்பா. ஏழாவது டம்ளரில் என்னைத் திட்டவும் தெம்பில்லை. கூடவே நியோமைசின், மெட்ரோனிடசோல் மாத்திரைகள். வெறும் பேதி மருந்து போதாது, ஆன்டிபயாடிக் மாத்திரையும் சேர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டுதல். அதைச் சரியாகவே செய்தார்கள்.

மறுநாள் காலை ஆறரைக்கு சிஸ்டர் தொற்று வராமல் தடுக்கும் ஆன்டிபயாடிக் ஊசியோடு வந்தார். டெஸ்ட் டோஸ் போட்டு முன்கையில் பேனாவால் வரைந்த வட்டம் அப்படியே இருந்தது, தடிப்பு இல்லை. ஆனால் ஆபரேஷன் பத்து மணிக்கு! எனக்குச் சுருக்கென்றது. என் மனைவி தியேட்டர் நர்ஸ். கத்தி வைப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குள் ஊசி போக வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வயிற்றைத் திறக்கும்போது சதையில் மருந்து நிறைந்திருக்க வேண்டும். அந்த ஊசி மருந்தான செஃபசோலின் சீக்கிரம் வடிந்துவிடும். ஆபரேஷன் நாலு மணி நேரத்தைத் தாண்டினால் இன்னொரு டோஸ் போடுவார்களாம்.

"சிஸ்டர், தியேட்டர்லயே போட்டுக்கலாமா?"

"கேஸ் ஷீட்ல ஆறரைன்னு இருக்கு சார்."

மயக்க மருந்து டாக்டருக்குப் போன் போனது. "அனுப்பிடுங்க, நான் போட்டுக்கறேன்." செஃபசோலின் வயலும் மெட்ரோ (மெட்ரோனிடசோல்) பாட்டிலும் ஸ்ட்ரெச்சரிலேயே போயின. காற்றில்லாமல் வாழும் குடல் கிருமிகள் செஃபசோலினுக்கு அவ்வளவாக மசியாது, அதற்குத்தான் மெட்ரோ.

நான் அதிகப்பிரசங்கித்தனம் செய்ததாக அத்தைக்குக் கோபம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2014இல் பெருங்குடல் ஆபரேஷன் பற்றிய 260 ஆய்வுகளை அலசியது. மருந்து போடாதவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குக் காயத்தில் தொற்று, போட்டவர்களில் 13 பேருக்கு. இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அப்புறம் ஒரு சீட்டு வந்தது: அதே ஊசிகள், ஐந்து நாளுக்கு. தொற்று இருந்தால் சரி. தடுப்புக்காக என்றால் ஆபரேஷனுக்குப் பிறகு தொடர வேண்டாம் என்று அதே உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலே சொல்கிறது. வாங்கிக் கொடுத்துவிட்டு, மறுநாள் ரவுண்ட்ஸில் கேட்டேன். "நம்ம ஊர் நிலைமை வேற சார்" என்றார் ஜூனியர். பெரிய டாக்டர் காய்ச்சல் சார்ட்டைப் புரட்டினார், சித்தப்பாவிடம் மட்டும் "காத்து பிரிஞ்சுதா ஐயா?" என்று கேட்டார். இல்லை. நகர்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் யாரும் ஊசி போட வரவில்லை. கேட்டால், நிறுத்தச் சொல்லிவிட்டாராம். மிச்சத்தை ஃபார்மசியில் திருப்பிக் கொடுத்தேன். சீல் கிழிந்த ஒரு மெட்ரோ பாட்டிலை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அதைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்தால், சித்தப்பா வார்டுக்கே கேட்கும்படி அறிவித்துக்கொண்டிருந்தார்: பிரிந்துவிட்டதாம்.