நாற்காலியா, நின்றா, முக்காலியா, தரையா: கண்ணாடி மணி செய்பவர் டார்ச் முன் எப்படி அமர்வது?

மாலையில் கோக்கும் கண்ணாடி மணி செய்யக் கற்றுக்கொள்பவர்கள், கண்ணாடியை இளக்க எந்த டார்ச் (மேசையில் பொருத்தும் எரிவாயுச் சுடர்க்கருவி) வாங்கலாம் என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். அதை எந்த மேசையில் பொருத்துவது, எதில் உட்காருவது என்பதற்கு அரை மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. வீட்டில் கிடக்கும் மேசையும் சாப்பாட்டு நாற்காலியும் போதும் என்று தொடங்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். எட்டாவது மாதத்தில் இடது தோளில் வலி வந்தது. கழுத்து வரை ஏறி, தலை பின்னக் கையைத் தூக்க முடியாத நிலைக்குக் கொண்டுவிட்டது. அதற்குப் பிறகு, புள்ளிகளை அடுக்கிய ஒரே வகை மணியை நான்கு விதமாக அமர்ந்தும் நின்றும் செய்து பார்த்தேன். எது எங்கே வலித்தது என்று குறித்தும் வைத்தேன். அந்தக் குறிப்புகளிலிருந்து எழுதுகிறேன்.

இந்த வேலையில் இரண்டு கைகளும் அந்தரத்தில் நிற்கின்றன. இடது கையில் களிப்பூச்சு பூசிய எஃகுக் கம்பி, வலது கையில் பேனா பிடிப்பதுபோல் கண்ணாடிக் கோல். கோலின் நுனி சுடரில் தேன்போல் இளகியதும் கம்பியில் சுற்றுகிறோம். அந்தக் கணம் முதல், மெல்ல ஆறவிடும் சூளைக்குள் மணி போகும்வரை இடது கை விரல்கள் கம்பியை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் கண்ணாடி ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். வெறும் உருண்டை மணி ஐந்து, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். புள்ளி வைத்து, பூ வைத்து, மேலே தெளிந்த கண்ணாடி போர்த்தினால் முக்கால் மணி நேரம் ஆகும். மனிதக் கை ஒன்றின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 5 சதவீதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒவ்வொரு கையும் 3 கிலோ. கம்பிக்கும் மணிக்கும் சில பத்து கிராம்தான் எடை. நம்மைக் களைக்க வைப்பது நம் கையின் பாரமே. ஆகவே எந்த ஏற்பாட்டையும் நான் ஒரே கேள்வியால் அளக்கிறேன்: அந்த 3 கிலோவைச் சுமப்பது மேசையா, தோளா?

தரையிலிருந்து தொடங்குகிறேன், இந்தியாவில் மணித்தொழிலின் பழைய இருக்கை அதுதான். உத்தரப் பிரதேசத்தின் புர்தில்நகரிலும், காளஹஸ்திக்கு அருகில் உள்ள பாப்பாநாயுடுபேட்டையிலும் மணிக்காரர்கள் உலைக்கு முன்னால் தரையோடு தரையாக அமர்ந்தே வேலை செய்து வந்திருக்கிறார்கள். பாப்பாநாயுடுபேட்டையில் நடப்பது டார்ச் வேலை அல்ல. உலையிலிருந்து கண்ணாடியைக் குழாயாக இழுத்து, நறுக்கி மணியாக்கும் முறை அது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மணி செய்ததும் அந்த இழுப்பு முறையில்தான். ஆனாலும் உட்காரும் விதத்தில் அவர்களிடம் நாம் கற்க ஒன்று இருக்கிறது. தரையில் ஒரு முழங்காலை உயர்த்தி அமர்ந்தால் முழங்கை தானாக அதன்மேல் வந்து படிகிறது. வேறு எந்தக் கையூன்றியும் வேண்டியதில்லை. நானும் ஒரு மணையில் அமர்ந்து, ஒரு சாணுக்குச் சற்று உயரமான பலகையில் டார்ச்சைப் பொருத்திச் செய்து பார்த்தேன். முதல் இருபது நிமிடம் தோளுக்கு அத்தனை சுகம்! நான்கு விதங்களிலும் தோள் மிகக் குறைவாக வலித்தது இதில்தான்.

இருந்தும் வீட்டில் டார்ச் வைத்திருப்பவருக்குத் தரையை நான் சொல்ல மாட்டேன். முதல் காரணம் எரிவாயு. எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் படர்ந்து தேங்கும். தரையில் அமர்ந்தவரின் சுடரும் அதே மட்டத்தில் எரிகிறது. இரண்டாவது காரணம் மடி. சரியாகச் சூடேறாத கோலின் நுனி சுடரில் பட்டதும் படீரென்று தெறிக்கும். சம்மணமிட்டவரின் மடியில் அந்தத் துண்டு விழுந்தால் எழுந்து உதற நேரம் இருக்காது. திறந்த கூடத்தில், பக்கத்தில் நாலு பேர் இருக்க, தலைமுறைப் பழக்கத்தோடு வேலை செய்பவரின் நிலை வேறு. கதவடைத்த மொட்டை மாடி அறையில் தனியாக வேலை செய்பவரின் நிலை வேறு. முழங்கால் மூட்டு இடம் கொடுக்காதவர்களுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை.

நின்று செய்வது இதற்கு நேர் எதிர். தெறித்தால் ஒரு அடி பின்வாங்கலாம், கீழே விழுவது தரையில்தான் விழும். சூளைக்கு நடந்து போய் வருவதும் எளிது. அதிகச் சூட்டில்தான் இளகும் போரோசிலிக்கேட் கண்ணாடியில் பெரிய உருண்டை, குடுவை என்று செய்பவர்கள் நின்றே செய்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அது பொருந்தும், ஏனென்றால் அந்த வேலையில் தோளும் இடுப்பும் சேர்ந்து அசைய வேண்டும். 12 மில்லிமீட்டர் மணியில் ஊசிமுனைப் புள்ளி வைப்பதற்கு அசைவு வேண்டாம், அசையாமை வேண்டும். நின்றுகொண்டு அதைச் செய்தபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டுதான் புள்ளி வைத்தேன். கால் கனத்ததும் எடையை ஒரு காலிலிருந்து மற்றொரு காலுக்கு மாற்றினேன், அந்த மாற்றம் அப்படியே கம்பி நுனியில் தெரிந்தது. நிற்கும் மேசை முழங்கை மட்டத்துக்குச் சற்று மேலே இருந்து, முன்கையை அதன்மேல் கிடத்த முடிந்தால் நடுக்கம் பாதியாகக் குறைகிறது. அதற்கேற்ற உயரத்தில் கடையில் மேசை கிடைப்பதில்லை, தச்சரிடம் சொல்லித்தான் செய்ய வேண்டும். அடியில் தடித்த ரப்பர் விரிப்பும், ஒரு காலை மாற்றி மாற்றி வைக்க ஒரு செங்கல் உயரப் படியும் இருந்தால் ஒரு மணி நேரம் வரை தாங்கலாம்.

வரலாற்றில் ஒன்று கவனிக்கத்தக்கது. ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் 1597இல் கண்ணாடி உலையோடு பிறந்த ஊர் லௌஷா. அங்கே வீடுகளில் சுடர் முன் அமர்ந்து மணிகளும், பிறகு பொம்மைக் கண்களும், கிறிஸ்துமஸ் மர உருண்டைகளும் செய்தார்கள். அந்தக் காலத்துச் சுடர் எண்ணெய் விளக்குச் சுடர். அதற்குக் காற்று ஊட்டியது மேசைக்கு அடியில் காலால் மிதிக்கும் துருத்தி. கால் துருத்தியில் இருந்தால் மனிதன் உட்கார்ந்துதானே ஆக வேண்டும்! 1867இல் லௌஷாவில் எரிவாயு ஆலை வந்த பிறகு நிலையான, சூடான சுடர் கிடைத்தது. இன்றைய டார்ச்சில் நம் கால்கள் முழுக்க விடுதலையாகிவிட்டன. அப்படியிருந்தும் அன்றைய இருக்கையை அப்படியே எடுத்துக்கொண்டு, கால்களை எங்கே வைப்பது என்றே யோசிக்காமல் தொங்கவிட்டிருக்கிறோம். கீழ்முதுகு வலிக்கு அந்தத் தொங்கும் கால்களும் ஒரு காரணம்.

அப்படியானால் நாற்காலி. இதில்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நாற்காலி என்று ஒரே பெயரில் இரண்டு எதிரெதிர் முறைகள் இருக்கின்றன.

ஒன்று, இருக்கையைத் தாழ்த்தி, மேசையை நெஞ்சளவுக்கு வரவிட்டு, இரு முழங்கைகளையும் மேசை விளிம்பில் ஊன்றுவது. பெரும்பாலோர் தெரியாமலே இதைத்தான் செய்கிறார்கள். கை ஆடாது, உண்மைதான். புள்ளி வைப்பது அற்புதமாக வரும். ஆனால் தோள்கள் காதை நோக்கி உயர்ந்து அங்கேயே நிற்கும். விளிம்பு கூராக இருந்தால் முழங்கையின் உட்புறம் ஓடும் நரம்பு நசுங்கி, சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். எனக்கு மரத்தது. அன்று மணி நழுவியது, கம்பியோடு தரையில் விழுந்தது. 

மற்றது, இருக்கையை உயர்த்தி, முதுகை நிமிர்த்தி, முழங்கை உடம்பை ஒட்டித் தொங்கும் இடத்திலேயே அதற்கு ஒரு தாங்கல் கொடுப்பது. கணக்கைப் பாருங்கள். கடை மேசைகள் பெரும்பாலும் 75 சென்டிமீட்டர் உயரம். ஐந்து அடிக்குச் சற்று மேலான ஒரு பெண் 42 சென்டிமீட்டர் இருக்கையில் அமர்ந்தால் முழங்கை தரையிலிருந்து ஏறத்தாழ 64 சென்டிமீட்டரில் இருக்கும். மேசை அதைவிட 11 சென்டிமீட்டர் உயரம். போதாததற்கு டார்ச்சின் வாய் மேசைக்கு மேலே முக்கால் சாண் உயரத்தில் இருக்கிறது, நாம் வேலை செய்யும் சுடர் அதற்கும் மேலே. ஆக, கை இயல்பான இடத்தைவிட ஒரு முழத்துக்குக் கிட்டத்தட்ட உயரே தொங்குகிறது. இருக்கையை 52 சென்டிமீட்டருக்கு உயர்த்தி, காலுக்கு 10 சென்டிமீட்டர் பலகை போட்டேன். முன்கைகளுக்கு இரண்டு மரக்கட்டைகளைச் சாய்வாக அறுத்து, மேலே தோல் தைத்து, டார்ச்சின் இரு பக்கமும் வைத்தேன். முழங்கை கட்டையின் அடியோரத்தில், மணிக்கட்டு மேலோரத்துக்குச் சற்று வெளியே. கட்டைக்கு மேல் தோலும் பருத்தித் துணியும் மட்டும்தான் போடலாம். நுரைப் பஞ்சும் செயற்கைத் துணியும் சூடான கண்ணாடி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

இந்த இரண்டில் நான் தயக்கமில்லாமல் இரண்டாவதைச் சொல்வேன். முதல் வாரம் புள்ளிகள் கோணலாகும். பழகிய விளிம்பு இல்லாததால் கை தடுமாறும். பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வாரத்தில் நான் இரண்டு மணி நேரம் செய்து எழுந்தேன், கழுத்தைத் தடவாமல். சக்கரம் வைத்த அலுவலக நாற்காலி மட்டும் வேண்டாம். தெறிக்கும் கண்ணாடிக்குப் பயந்து சட்டென்று பின்னால் தள்ளும்போது அது எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதன் கைப்பிடிகளும் மேசையில் இடித்து நம்மைச் சுடரிலிருந்து தள்ளியே வைக்கும், நாம் முன்னால் குனிவோம்.

உயர முக்காலி இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. பாதி உட்கார்ந்து, பாதி நின்று, இரு கால்களும் தரையில் பதிந்திருக்கும். ஒரு நொடியில் எழுந்துவிடலாம், இடுப்பு மடங்காததால் முதுகின் வளைவும் கெடுவதில்லை. நிற்கும் மேசையோடு மட்டுமே இது பொருந்தும். என்னிடம் ஒன்று இருக்கிறது, அரை மணிக்குக் குறைவான வேலைகளுக்கு மட்டும் பயன்படுத்துகிறேன். அதற்கு மேல் தொடையின் பின்புறம் அழுந்துகிறது.

எதில் அமர்ந்தாலும் இருக்கையைக் கெடுக்கக்கூடிய மூன்று விஷயங்கள் வெளியே இருக்கின்றன. முதலாவது கண். சுடரில் சூடேறும் கண்ணாடியிலிருந்து வரும் சோடியத்தின் மஞ்சள் ஒளியை வடிகட்ட நாம் அணியும் டிடிமியம் மூக்குக்கண்ணாடியைப் பலர் தங்கள் இரட்டைக் குவியக் கண்ணாடிக்கு மேல் மாட்டிக்கொள்கிறார்கள். கிட்டப் பார்வைப் பகுதி கீழே இருப்பதால் மணியைப் பார்க்க முகவாயைத் தூக்குகிறோம், கழுத்து பின்னால் ஒடிகிறது. அல்லது தெரியவில்லை என்று சுடர்மேல் குனிகிறோம், எழும் புகை நேராக மூக்குக்கு வருகிறது. கண்ணிலிருந்து மணி இருக்கும் தூரத்தை ஒருவரைவிட்டு அளந்து, அந்தத் தூரத்துக்கு மட்டும் பவர் போட்டு டிடிமியத்தில் ஒரே குவியமாகச் செய்துகொள்ளுங்கள். விலை அதிகம்தான். ஆனால் என் கழுத்துக்கு நாற்காலியைவிட அதிகம் உதவியது அந்தக் கண்ணாடி.

இரண்டாவது டார்ச்சின் சாய்வு. செங்குத்தாக நிறுத்தினால் கைகளைச் சுடருக்கு மேலே தூக்க வேண்டும். படுக்கவைத்தால் கைகளை முன்னே நீட்ட வேண்டும். 45 பாகைக்கு அக்கம்பக்கம், நம்மைவிட்டு விலகிச் சாய்ந்திருப்பதே முழங்கையை உடம்போடு வைத்திருக்கிறது. சரியான இடத்தைக் காண எளிய வழி உண்டு. டார்ச்சைப் பற்றவைக்காமல் அமருங்கள். கண்ணை மூடி, தோளைத் தளர்த்தி, ஒரு கையில் கம்பியும் மறு கையில் கோலும் பிடித்து, இரண்டின் நுனிகளும் தாமாகச் சந்திக்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கண்ணைத் திறந்து அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சுடர் வர வேண்டியது அங்கேதான். டார்ச்சுக்கு அடியில் பலகை கொடுப்பதோ, மேசையை அறுத்து டார்ச்சை இறக்குவதோ, அந்தப் புள்ளிக்காகச் செய்யுங்கள்.

மூன்றாவது கம்பி. குட்டையான கம்பி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் கை சுடருக்குப் பக்கத்தில் போகும், சூடு பொறுக்காமல் முழங்கை வெளிப்பக்கமாக இறக்கை விரிக்கும். 30 சென்டிமீட்டர் கம்பியில் முழங்கை தானாகக் கீழே இறங்கிவிடுகிறது. மெல்லிய 1.6 மில்லிமீட்டர் கம்பியை நீண்ட நேரம் உருட்டுபவர்கள் பிடிக்கும் இடத்தில் ஒரு சிறு ரப்பர் குழாயைச் செருகிக்கொண்டால் கட்டைவிரலின் அடி வலிக்காது. பெரிய மணிக்கு மேசையின் இடது பக்கம் ஒரு கம்பிக் கவட்டையை நட்டு, கம்பியை அதில் சாத்தி உருட்டலாம். இத்தாலியில் வெனிஸுக்கு அருகே உள்ள முரானோ தீவின் கண்ணாடி உலைகளில் ஊதுகுழலின் பாரத்தை ஆசான் கையில் சுமப்பதில்லை. அவர் அமரும் பலகையின் இரு புறமும் நீளும் சட்டங்களில் கிடத்தித்தான் உருட்டுவார். அதே வேலையை நம் மேசையில் அந்தக் கவட்டை செய்கிறது.

தொடங்குபவருக்கு, எளிதில் இளகும் சோடா கண்ணாடியில் சிறு மணி செய்பவருக்கு: உயர்த்திய நாற்காலி, கால் பலகை, சாய்வுக் கட்டைகள். போரோசிலிக்கேட்டில் பெரிதாகச் செய்பவருக்கு: நிற்கும் மேசை, பக்கத்தில் ஒரு உயர முக்காலி. தரையில் அமர்ந்தே வளர்ந்து, அதைக் கைவிட மனமில்லாதவர்கள் சிலிண்டரைக் கட்டடத்துக்கு வெளியே வைத்து, தரையை ஒட்டி ஒரு காற்றுத் திறப்பு வைத்து, மடியில் தோல் விரித்துக்கொள்ளுங்கள். எழுந்து நிற்க எத்தனை நொடி ஆகிறது என்பதை டார்ச் எரியாத ஒரு நாளில் எண்ணிப் பாருங்கள். மூன்றுக்கு மேல் போனால் நாற்காலிக்கு வாருங்கள்.