ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: 2003 தொடரா, பிரதர்ஹுட்டா? புதியவருக்கு எதை முதலில் கொடுப்பது?

அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) பக்கம் புதிதாக வரும் ஒருவர் "நல்லதா ஒரு தொடர் சொல்லுங்க" என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் யோசிக்காமல் சொல்லும் பெயர் ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட். கூடவே, "2003-ல் வந்த பழைய தொடரைத் தொடாதே, அது மூலக் கதையான மாங்காவை (ஜப்பானிய காமிக்ஸ்) விட்டு விலகிப்போகும்" என்ற எச்சரிக்கையும் வரும். விலகுவது உண்மைதான். ஆனால் அதற்காக அதைத் தொடக்கூடாது என்பதை நான் ஏற்கவில்லை. இரண்டு வரிசையிலும் பார்த்தவர்களோடு பேசிப் பார்த்தபின் நான் இப்போது சொல்வது: முதலில் 2003, அதன்பின் பிரதர்ஹுட். யாருக்கு இது பொருந்தாது என்பதையும் கீழே சொல்கிறேன். கதையின் பெரிய திருப்பங்கள் எதையும் உடைக்கவில்லை.

அடிப்படை விவரங்கள் சுருக்கமாக. இறந்த தாயை ரசவாதத்தால் உயிர்ப்பிக்க முயன்று பெரும் இழப்பைச் சந்தித்த எட்வர்ட், ஆல்ஃபோன்ஸ் என்ற சகோதரர்களின் கதை இது. ஹிரோமு அரகாவாவின் மாங்கா 2001-ல் ஷோனென் கங்கன் மாத இதழில் தொடங்கி 2010 ஜூனில் முடிந்தது, மொத்தம் 27 தொகுதிகள். இரண்டு அனிமேக்களையும் எடுத்தது போன்ஸ் ஸ்டுடியோதான். 2003 தொடருக்கு இயக்குநர் ஸெய்ஜி மிஸுஷிமா, கதையமைப்பு ஷோ அய்காவா. 51 எபிசோடு, 2003 அக்டோபரிலிருந்து ஓராண்டு ஓடியது. பிரதர்ஹுட் 2009 ஏப்ரல் முதல் 2010 ஜூலை வரை, 64 எபிசோடு. இயக்குநர் யசுஹிரோ இரியே, கதையமைப்பு ஹிரோஷி ஓனோகி. எட்வர்டுக்கு ரோமி பாக்கும் ஆல்ஃபோன்ஸுக்கு ரியே குகிமியாவும் இரண்டிலும் குரல் கொடுத்திருக்கிறார்கள். அதனால் ஜப்பானிய ஒலியில் பார்ப்பவருக்கு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது அண்ணன் தம்பி இருவரும் அந்நியமாகத் தெரியமாட்டார்கள். ராணுவ அதிகாரி ராய் மஸ்டாங் உட்பட வேறு சிலரின் குரல் மாறியிருக்கும். ஆங்கில டப்பை நான் முழுக்கக் கேட்டதில்லை, அதைப் பற்றித் தீர்ப்பு சொல்லப்போவதில்லை.

2003 தொடர் ஓடிய காலத்தில் மாங்கா பாதிகூட எட்டவில்லை. அதனால் தொடர் ஒரு கட்டத்துக்கு மேல் தன் சொந்தக் கதையை எழுதிக்கொண்டு தன் சொந்த முடிவுக்குப் போகிறது. பிரதர்ஹுட் ஓடிய காலத்தில் மாங்காவும் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் முடிந்தன. ஆக, அரகாவா நினைத்த கதை முழுமையாக வேண்டுமென்றால் பிரதர்ஹுட்தான், அதில் வாதமே இல்லை. படத்தின் தரத்திலும் புதியது முந்துகிறது. சண்டைக் காட்சிகளின் வேகம், பெரிய கூட்டத்தை ஒரே நேரத்தில் கையாளும் விதம் எல்லாம் அதில் மேல்.

என் தேர்வை முடிவு செய்வது இவை எதுவுமல்ல. ஒரே ஒரு விஷயம்தான்: முதல் பெரிய இழப்புக்கு முன்னால் பார்ப்பவருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது.

கதையில் எல்லோரும் பேசும் ஒரு மரணம் உண்டு. பெயரைச் சொல்லவில்லை. பிரதர்ஹுட்டில் அது 10-ஆவது எபிசோடில் வந்துவிடுகிறது. 2003 தொடரில் 25-ஆவது எபிசோடில். எபிசோடுக்கு 24 நிமிடம் என்று வைத்தால், ஒன்றில் 4 மணி நேரத்துக்குள், மற்றொன்றில் ஏறத்தாழ 10 மணி நேரம் கழித்து. இரண்டு தொடர்களிலும் அந்த மனிதர் ஆரம்ப எபிசோடுகளிலேயே உள்ளே வந்துவிடுகிறார். ஆனால் 2003-ல் அவர் வந்து போகும் சின்னச் சின்னக் காட்சிகள் ஏராளம். சிரிக்க வைக்கிறார், எரிச்சலூட்டுகிறார், உதவுகிறார், வீட்டுக்கு அழைக்கிறார். 25-ஆவது எபிசோடு வரும்போது அவர் நமக்குப் பழகிய மனிதர். பிரதர்ஹுட்டில் அதே காட்சி அழகாகவே எடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் புதிதாகப் பார்ப்பவர் அவருடைய பெயரை மனதில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அது நடந்து முடிந்துவிடுகிறது. "சோகமாத்தான் இருந்தது, ஆனா எல்லாரும் சொன்ன அளவுக்கு இல்லையே" என்று பிரதர்ஹுட்டை மட்டும் பார்த்தவர்கள் சொல்வது இதனால்தான். குறை பார்ப்பவரிடம் இல்லை.

இதே கதைதான் ஷோ டக்கர் என்ற ரசவாதியின் வீட்டிலும். 2003-ல் அது 6, 7 ஆகிய இரண்டு எபிசோடுகள். எட்வர்ட் அரசு ரசவாதி (ராணுவத்துக்காக வேலை செய்யும் ரசவாதி) ஆகும் கட்டத்தில் இருக்கிறான். தேர்வுக்குப் படிக்கும் காலத்தில் அண்ணனும் தம்பியும் அந்த வீட்டிலேயே தங்குகிறார்கள். சிறுமி நீனாவும் அவளுடைய நாயும் அவர்களுடைய அன்றாடத்தின் பகுதி. பிரதர்ஹுட்டில் அதே நிகழ்வு 4-ஆவது எபிசோடு ஒன்றுக்குள் அடங்குகிறது. சகோதரர்கள் ஆராய்ச்சிக் குறிப்புகளைத் தேடி சில நாள் வந்து போகிறார்கள், அவ்வளவுதான். அதிர்ச்சி இரண்டிலும் ஒன்றே. 2003-ல் அது ஒரு குடும்பம் சிதைவதாக விழுகிறது, பிரதர்ஹுட்டில் ஒரு கொடூரச் சம்பவமாக மட்டும் நின்றுவிடுகிறது. எட்வர்டின் வயதும் இங்கே கணக்கில் வருகிறது. ராணுவத்தில் சேரும் கட்டத்திலேயே இதைப் பார்த்த சிறுவன், அதன்பிறகும் அந்தச் சீருடைக்காரர்களோடு இருக்க முடிவெடுக்கிறான். அந்த முடிவின் பாரம் 2003-ல்தான் தெரியும்.

பிரதர்ஹுட் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறது? சோம்பலால் அல்ல. அது ஒளிபரப்பானபோது முந்தைய தொடர் முடிந்து ஐந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஆரம்பக் கதை தெரிந்த ரசிகர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். தெரிந்ததைச் சுருக்கி, தெரியாத பகுதிக்கு நேரம் ஒதுக்குவது அந்த நேரத்துக்குச் சரியான முடிவு. யூஸ்வெல் சுரங்க ஊர்க் கதை 2003-ல் ஒரு முழு எபிசோடு, பிரதர்ஹுட்டில் அதற்குத் தனி எபிசோடே கிடையாது. ஆக, பிரதர்ஹுட்டின் முதல் 13 எபிசோடுகள் ஏற்கெனவே கதை தெரிந்தவருக்கு ஏற்ற வேகத்தில் ஓடுகின்றன. அதைக் கதையே தெரியாதவர் கையில் முதலில் கொடுக்கிறோம். 2003-ஐ முடித்துவிட்டு வருபவருக்கோ அதே வேகம் வரமாகிவிடுகிறது. தெரிந்த இடங்களைச் சட்டென்று கடந்து, கிழக்கிலுள்ள ஸிங் நாட்டவர்கள் நுழையும் இடத்துக்கு வந்துவிடுவார்.

வரிசையை மாற்றினால் நட்டம் அதிகம் என்பது இன்னொரு பக்கம். பிரதர்ஹுட் முடித்தவர் 2003-க்கு வந்தால், முதல் 20 எபிசோடுகளை "இதெல்லாம் பார்த்ததுதானே" என்று வேகமாக ஓட்டுவார். கதை பிரியும் இடத்துக்குப் பின் வரும் ஒவ்வொன்றையும் "இது தப்பு, மாங்காவில் இப்படி இல்லை" என்றே அளப்பார். அந்தக் கண்ணோடு பார்த்தால் 2003 தன் பலத்தைக் காட்டவே முடியாது. ஹோமன்குலஸ்கள் (கதையின் வில்லன்களான செயற்கை மனிதர்கள்) எங்கிருந்து வருகிறார்கள் என்பதற்கு 2003 தரும் விடை, சகோதரர்கள் சிறுவயதில் தாய்க்காகச் செய்த அந்தக் குற்றத்தோடு நேராகப் போய் முட்டுகிறது. வில்லன்கள் வெளியிலிருந்து வந்தவர்களாக இல்லாமல், ரசவாதிகளின் துக்கத்திலிருந்தே பிறக்கிறார்கள். பிரதர்ஹுட்டில் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே திட்டம் இருக்கிறது. நாடு முழுவதும் விரியும் பெரிய சதி, அதை உடைக்க ஒன்றுசேரும் பெரிய கூட்டம். அது தரும் நிறைவு வேறு வகை. சமமான பரிமாற்றம் (ஒன்றைப் பெற அதற்கு ஈடான ஒன்றைக் கொடுக்க வேண்டும்) என்ற ரசவாத விதியை 2003 கேள்வி கேட்கும் கூர்மை அதில் இல்லை என்பது என் கருத்து.

2003-ன் பலவீனங்களையும் மறைக்கக்கூடாது. நடுவில் தனித்து நிற்கும் ஃபில்லர்கள் (மையக் கதையோடு ஒட்டாத இடைநிரப்பு எபிசோடுகள்) உண்டு. நேரம் குறைவென்றால் 4, 10, 37 ஆகிய மூன்றையும் தாண்டிவிடலாம், மையக் கதை அறுபடாது. ஆனால் 9-ஐத் தாண்டாதீர்கள், அதில் தலைகாட்டும் ஒருவர் கடைசிப் பகுதியில் தேவைப்படுகிறார். 11, 12-ஐயும் ஃபில்லர் என்று பலர் ஒதுக்குகிறார்கள். அதில் வரும் டிரிங்கம் சகோதரர்கள் பின்னால் திரும்பி வருவார்கள் என்பதால் அவையும் வேண்டும்.

பெரிய சிக்கல் முடிவில்தான். கடைசிச் சில எபிசோடுகளில் கதை எடுக்கும் திருப்பம் பலருக்குச் செரிக்காது. 51-ஆவது எபிசோடோடு நிறுத்தினால் பாதி வாக்கியத்தில் நின்றதுபோல் இருக்கும். 2005-ல் வந்த கான்கரர் ஆஃப் ஷம்பாலா திரைப்படம்தான் அதன் உண்மையான முடிவு. 2003-ஐப் பரிந்துரைத்தால் படத்தையும் சேர்த்தே பரிந்துரையுங்கள். படத்தின் கதைச் சுருக்கத்தை, ஒரு வரியைக்கூட, முன்னாடியே படிக்க விடாதீர்கள். அது எங்கே நடக்கிறது என்ற தகவலே தொடரின் முடிவைப் போட்டு உடைத்துவிடும். படத்துக்குப் பிறகும் மனம் முழுதாக ஆறாது. அந்த ஆறாமையோடு பிரதர்ஹுட்டுக்குப் போகும்போது, அதன் முடிவு இரட்டிப்பாக இனிக்கும். வரிசையை நான் வலியுறுத்த இதுவும் ஒரு காரணம்.

பிரதர்ஹுட்டின் சிறப்பு எங்கே என்றால், பிரிக்ஸ் கோட்டை வந்தபிறகு. ஒலிவியே ஆம்ஸ்ட்ராங், லிங் யாவ், மேய் சாங் ஆகியோர் 2003-ல் இல்லவே இல்லை. இஷ்வால் போரை 30-ஆவது எபிசோடு காட்டும் விதம் அபாரம். கடைசிப் பதினைந்துக்கும் மேற்பட்ட எபிசோடுகள் பெரும்பாலும் ஒரே நாளில் நடப்பவை. அதை இடைவெளி விட்டுப் பார்த்தால் யார் எந்தச் சுரங்கத்தில் நிற்கிறார்கள் என்பதே மறந்துவிடும், ஒரு வார இறுதியை அதற்காக ஒதுக்குவது நல்லது. 27-ஆவது எபிசோடு பெரும்பாலும் பழைய காட்சிகளின் தொகுப்பு, தாண்டலாம். பிரதர்ஹுட் மீது எனக்குள்ள ஒரு மனத்தாங்கல்: கனமான காட்சி நடக்கும்போதே முகங்கள் பொம்மை மாதிரி சுருங்கி நகைச்சுவைக்குத் தாவும். பழகியவர்களுக்குத் தொந்தரவில்லை. அனிமேயே புதிது என்பவர் அந்த இடத்தில் ஒட்டாமல் போக வாய்ப்புண்டு.

யாருக்கு நேராக பிரதர்ஹுட்? "ஒரே ஒரு தொடர்தான் பார்ப்பேன், இரண்டாவதைத் தொடமாட்டேன்" என்று உறுதியாகச் சொல்பவருக்கு. கதை எல்லா முடிச்சும் அவிழ்ந்து முடிய வேண்டும் என்பவருக்கு. ஒரே மூச்சில் ஐந்தாறு எபிசோடு பார்ப்பவருக்கும் அதுதான் பொருந்தும், ஆரம்ப வேகம் அப்போது அவ்வளவாக உறுத்தாது. அவர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: முதல் எபிசோடைத் தள்ளி வைத்து 2-லிருந்து தொடங்கலாம். முதல் எபிசோடில் வரும் உறைபனி ரசவாதி கதை மாங்காவில் இல்லாதது. பத்துப் பேரை ஒரே நேரத்தில் அறிமுகப்படுத்தித் திணறடிக்கும். 2-ஆவதுதான் சகோதரர்களின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்கிறது. முதலாவதை 5 அல்லது 6-க்குப் பிறகு பார்த்தால் அதில் வரும் முகங்கள் பெரும்பாலும் தெரிந்த முகங்களாக இருக்கும்.

நாளுக்கு ஒன்று என்று நிதானமாகப் பார்ப்பவருக்கு 2003. ஆரம்பப் பகுதியில் பெரும்பாலானவை ஓரிரு எபிசோடுகளில் முடியும் கதைகள், இடையில் இரண்டு நாள் விட்டுப்போனாலும் இழை அறாது. ஏறத்தாழ ஏழு வாரத்தில் முடியும். இரண்டையும் சேர்த்தால் படம் உட்பட ஏறத்தாழ 48 மணி நேரம். சின்ன நேரமில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு இரண்டில் எதையும் நான் துணிந்து கொடுக்கமாட்டேன். பதின்ம வயதின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. டக்கர் எபிசோடுகளை மட்டுமாவது பெரியவர் ஒருவர் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

பார்க்கத் தொடங்குமுன் இரண்டு ஏற்பாடுகள். 2003 தொடர் 4:3 அளவில் எடுக்கப்பட்டது. திரையின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதுதான் சரி. டிவி தானாகப் படத்தை இழுத்து நிரப்பினால் எல்லோரும் குட்டையாகவும் அகலமாகவும் தெரிவார்கள், அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள். அடுத்து, தேடல் விஷயம். ஹோமன்குலஸ்களின் பெயர்கள் இரண்டு தொடர்களிலும் ஒன்றுதான், ஆனால் ராத், பிரைட், ஸ்லாத் என்ற பெயர்களைச் சுமக்கும் ஆட்கள் வேறு வேறு. 2003 பார்க்கும்போது இந்தப் பெயர்களைத் தேடினால் பிரதர்ஹுட்டின் ரகசியம் ஒன்று தேடலில் வரும் முதல் படத்திலேயே கண்ணில் படும், எதிர்த்திசையிலும் அப்படியே. சந்தேகம் வந்தால் தேடுவதைவிட, தொடரைக் கொடுத்தவரையே கேட்கச் சொல்லுங்கள்.